ஹிப்னோதெரபி எனக்கு வேலை செய்யவில்லை. கோளாறு என் மனதிலா?

கேள்வி: எனக்கு வயது 48. என் தங்கைக்குப் பல வருடங்களாக வயிற்றுப் பிரச்சினை. வலி, உப்புசம், எந்த நேரத்தில் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்குமோ என்ற பயம். எல்லாப் பரிசோதனையும் செய்து ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் நோய், என்று சொன்னார்கள். குடல் மருத்துவர் அனுப்பிய உளவியலாளரிடம் மூன்று மாதம் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிச முறைச் சிகிச்சை, எடுத்தாள். இப்போது நீண்ட பயணம்கூடத் தைரியமாகப் போகிறாள். அதைப் பார்த்து நானும் வேறொருவரிடம் போனேன். எனக்குத் தூக்கம்தான் பிரச்சினை. படுத்தால் மனம் ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு முறை போய்விட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவர் பேசியது முழுக்கக் கேட்டது. பக்கத்து அறையில் யாரோ போனில் பேசியதும் கேட்டது. “கை லேசாகி மேலே எழும்பும்” என்றார், எழும்பவில்லை. கடைசியாகப் போனபோது, “உங்கள் ஆழ்மனம் என்னை உள்ளே விட மறுக்கிறது. சிறுவயதில் நடந்த எதையோ மறைத்து வைத்திருக்கிறது. இன்னும் பத்து சிட்டிங் வாருங்கள், அந்த வயதுக்கே கொண்டுபோய்ப் பார்த்துவிடலாம்” என்றார். அன்றிலிருந்து இருந்த கொஞ்சம் தூக்கமும் போய்விட்டது. எனக்கு அப்படி என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இதற்கிடையில் என் கணவர் சிகரெட்டை விடுவதற்காக அதே இடத்தில் ‘ஒரே சிட்டிங்’ திட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். காதில் குரல்கள் கேட்கும் நோய்க்கு மருந்து சாப்பிடும் என் தம்பியையும் அழைத்துப் போகலாம் என்கிறார் அம்மா. இந்தச் சிகிச்சை யாருக்குத்தான் வேலை செய்யும்? எனக்கு ஏன் செய்யவில்லை?

பதில்: அன்புள்ள சகோதரி,

அந்தப் பத்து சிட்டிங்குக்குப் போக வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன்: உங்கள் மனதில் எந்தக் கோளாறும் இல்லை.

பக்கத்து அறைப் பேச்சு கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கத்தான் செய்யும். ஹிப்னாடிசம் என்பது தூக்கமோ மயக்கமோ இல்லை. அந்த நேரத்தில் எடுத்த மூளை அலைப் பதிவுகள் விழித்திருப்பவரின் பதிவுகளைப் போலத்தான் இருக்கும், தூங்குபவருடையதைப் போல இருக்காது. கவனம் ஒரே இடத்தில் குவிகிறது. சுற்றிலும் நடப்பவை இருந்தாலும் அவற்றைப் பொருட்படுத்தத் தோன்றுவதில்லை. அந்த நிலையில் சொல்லப்படும் கருத்தேற்றங்கள், அதாவது “கை கனக்கிறது”, “வலி மங்குகிறது” போன்ற சொற்கள், சிலருக்கு நிஜ அனுபவமாகவே மாறுகின்றன. மேடையில் பத்துப் பேரை வரிசையாகச் சாய வைப்பவர்களைப் பார்த்துவிட்டு, நமக்கும் அப்படித்தான் ஆக வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். மேடைக்காரர் முதலில் கூட்டத்தில் எல்லோரையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொல்வார், “இப்போது பிரிக்க முடியாது பாருங்கள்” என்பார். நிஜமாகவே பிரிக்க முடியாமல் திணறுகிறவர்களை மட்டும் மேலே அழைப்பார். நீங்களும் நானும் அவருக்குத் தேவைப்படமாட்டோம்.

சிலருக்கு என்று சொன்னேன் இல்லையா, அதுதான் உங்கள் கேள்வியின் மையம். கருத்தேற்றத்துக்கு உடன்படும் திறன் ஆளுக்கு ஆள் மாறும், அதை அளக்கவும் முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்டு என்ற உளவியலாளர்கள் 1959-ல் இதற்கென்று ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1962-ல் அதன் இன்னொரு வடிவம் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். மொத்தம் 12 சோதனைகள், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். தொடக்கத்தில், நீட்டிய இரண்டு கைகளுக்கு நடுவே ஏதோ ஒரு விசை அவற்றை விலக்கித் தள்ளுகிறது என்பார்கள். பெரும்பாலானவர்களின் கைகள் தானாக விலகுவது போல நகரும். அப்புறம், ஒரு கொசு காதருகே ரீங்காரம் போடுகிறது, கையில் வந்து உட்காருகிறது என்பார்கள். சிலர் தட்டி விரட்டுவார்கள். இன்னும் மேலே போனால், வாசனையே தெரியாது என்று சொல்லிவிட்டு அம்மோனியாவை மூக்கருகே நீட்டுவார்கள். கடைசிப் பகுதியில், இரண்டே பெட்டிகள்தான் இருக்கின்றன என்று சொல்லிக் கண்ணைத் திறக்கச் சொல்வார்கள். உண்மையில் மூன்று இருக்கும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாமலே போகிறவர்கள் மிகச் சிலர். இந்த 12-ல் மிக அதிக மதிப்பெண் வாங்குகிறவர்கள் சுமார் 10 முதல் 15 சதவீதம். கிட்டத்தட்ட அதே அளவு பேருக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. மற்றவர்கள் எல்லோரும் நடுவில்.

இந்தத் திறன் எளிதில் மாறுவதும் இல்லை. கல்லூரி நாட்களில் சோதிக்கப்பட்ட 50 பேரை 25 வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டு அதே சோதனையை வைத்தார்கள். முடிவு 1989-ல் வெளியானது. அன்று அதிகம் வாங்கியவர்கள் பெரும்பாலும் இன்றும் அதிகம் வாங்கினார்கள், குறைவாக வாங்கியவர்கள் குறைவாகவே வாங்கினார்கள். இசைக்காது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இருப்பவர் உயர்ந்தவரும் இல்லை, இல்லாதவர் எதையோ ஒளிக்கிறவரும் இல்லை. புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஏமாளிகளுக்குத்தான் இது பலிக்கும், மன உறுதி உள்ளவர்களுக்குப் பலிக்காது என்பதும் தவறு. ஆண், பெண் என்று பெரிய வித்தியாசமும் கிடையாது. வயதுதான் கொஞ்சம் விளையாடுகிறது. ஏறக்குறைய 8 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் இந்தத் திறன் உச்சத்தில் இருக்கும்.

அதனால்தான் “உங்கள் ஆழ்மனம் எதிர்க்கிறது” என்று அவர் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கை எழும்பவில்லை என்றால் கை எழும்பவில்லை, அவ்வளவுதான். அதற்கு இரண்டு மூன்று சாதாரண விளக்கங்கள் இருக்கின்றன. உங்கள் திறன் குறைந்த பக்கமாக இருக்கலாம். அல்லது நடுத்தரமாக இருந்து, அந்த இடமும் அந்த மனிதரும் உங்களுக்கு நம்பிக்கை தராமல் போயிருக்கலாம். புதியவர் முன் கண்ணை மூடி உட்காரும்போது, கட்டுப்பாட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம் எத்தனையோ பேருக்கு வரும். அதை முன்கூட்டியே பேசித் தீர்த்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு. “நடக்கிறதா, நடக்கிறதா” என்று உங்களையே நீங்கள் கண்காணித்துக்கொண்டிருந்தாலும் நடக்காது. தூக்கம் வராதவர்களுக்கு இந்தக் கண்காணிப்புப் பழக்கம் நன்றாகவே தெரியும். இதில் எது உங்கள் விஷயத்தில் உண்மை என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் நான்கு முறை உட்கார வைத்தவர், ஒருமுறைகூட உங்கள் திறனை அளந்து பார்க்காமல், பழியை மட்டும் உங்கள் பக்கம் தள்ளியிருக்கிறார்.

சரி, திறன் குறைவு என்றால் இந்தச் சிகிச்சையே கிடையாதா? அது எந்தப் பிரச்சினைக்காக வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் 85 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வலி குறையும் என்று நேரடியாகக் கருத்தேற்றம் கொடுத்தபோது, திறன் அதிகமுள்ளவர்களுக்கு வலி 42 சதவீதமும் நடுத்தரமானவர்களுக்கு 29 சதவீதமும் குறைந்தது. குறைவாக உள்ளவர்களுக்குக் கிடைத்த பலன் மிகக் கொஞ்சம். அதாவது வலி விஷயத்தில் இந்தத் திறன் நிஜமாகவே பேசுகிறது. அறுவை சிகிச்சைகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பெல்ஜியத்தில் லியேஜ் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல், முழு மயக்கத்துக்குப் பதிலாக ஹிப்னாடிசத்தோடு லேசான மருந்தும், வெட்டும் இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகள் செய்திருக்கிறார்கள். கவனியுங்கள், அங்கேயும் மருந்தும் ஊசியும் உண்டு. பக்கத்தில் மயக்க மருத்துவரும் நிற்கிறார்.

உங்கள் தங்கையின் கதைக்கு வருகிறேன். அவருக்கு நடந்தது அதிர்ஷ்டம் இல்லை. ஹிப்னோதெரபிக்கு மிக நல்ல ஆதாரம் உள்ள இடங்களில் ஒன்றில் அவர் இருந்தார். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற குடல் மருத்துவர், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத 30 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1984-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார். அன்றிலிருந்து இதற்கென்று தனி முறையே உருவாகிவிட்டது. நோயாளி கண்ணை மூடித் தளர்ந்த பிறகு, தன் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார். உள்ளங்கையின் கதகதப்பு உள்ளே இறங்குவதாக உணரச் சொல்வார்கள். குடலை ஓர் ஆறாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். பேதி அதிகமுள்ளவருக்கு அந்த ஆறு வேகம் குறைந்து நிதானமாக ஓடும், மலச்சிக்கல் உள்ளவருக்குத் தடை நீங்கி ஓடும். வாரம் ஒன்று என்ற கணக்கில் ஏழு முதல் பன்னிரண்டு அமர்வுகள். நடுவில் வீட்டில் தினமும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயிற்சி. ஐ.பி.எஸ். என்பது குடலுக்கும் மூளைக்கும் இடையே போய்வரும் சேதிகள் கெட்டுப்போகும் நிலை என்பதால், இந்தப் பயிற்சி பிரச்சினையின் வேரிலேயே கைவைக்கிறது. அதே மான்செஸ்டர் மையம் 2015-ல் 1000 நோயாளிகளின் பதிவுகளை வெளியிட்டது. 76 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத கணக்கு அது, அதனால் அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் ஒப்பீட்டுக் குழுக்களோடு நடந்த மற்ற ஆய்வுகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. மிகத் தேர்ந்த அந்த மையத்திலேயே நாலில் ஒருவருக்குப் பலன் இல்லை என்பதையும் பாருங்கள். அவர்களை யாரும் “எதையோ மறைக்கிறீர்கள்” என்று சொல்லி அனுப்பவில்லை.

குழந்தைகளின் வயிற்றுவலியில் இது இன்னும் அழகாக வேலை செய்கிறது. நெதர்லாந்தில் 2007-ல் வெளியான ஆய்வில், காரணம் எதுவும் பிடிபடாத நாள்பட்ட வயிற்றுவலி உள்ள குழந்தைகளில், ஒரு வருடம் கழித்து ஹிப்னோதெரபி எடுத்தவர்களில் 85 சதவீதம் பேர் நலமாக இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 25 சதவீதம். எனக்கே குழந்தைகளோடு இதைச் செய்வதில்தான் அதிக மகிழ்ச்சி. பெரியவர்களுக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டியதைக் குழந்தை ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். வயிற்றுக்குள் இருக்கும் வலிக்கு என்ன நிறம் என்று கேட்டால், யோசிக்காமல் சிவப்பு என்று சொல்லும். அதை மாற்றலாமா என்றால், எந்த நிறத்துக்கு என்று நம்மையே திருப்பிக் கேட்கும்.

இனி உங்கள் தூக்கம். இங்கே நிலைமை வேறு. ஜூரிச் பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆரோக்கியமான இளம் பெண்களுக்குப் பகல் தூக்கத்துக்கு முன் ஹிப்னாடிசக் கருத்தேற்றப் பதிவைக் கேட்க வைத்தார்கள். திறன் அதிகமுள்ளவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்தின் அளவு ஏறக்குறைய 80 சதவீதம் கூடியது. திறன் குறைவாக உள்ளவர்களுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அதிலும் இவர்கள் ஏற்கனவே நன்றாகத் தூங்குகிறவர்கள். இதிலிருந்து உங்களைப் போல நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவருக்கு இதுதான் மருந்து என்று சொல்ல முடியாது. கை எழும்பாத உங்களுக்கு இந்த வழியில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது, அதற்குக் கருத்தேற்றத் திறன் எதுவும் தேவையில்லை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சி.பி.டி.-ஐ. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. மாத்திரைக்கும் முன்னால். செய்முறை கேட்க எளிது, செய்வது முதல் இரண்டு வாரம் கடினம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும், விடுமுறை நாளிலும். தூக்கம் கண்ணைச் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். சுமார் இருபது நிமிடம் புரண்டும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடத்தில், மங்கிய விளக்கில், சுவாரசியம் குறைந்த எதையாவது செய்துகொண்டிருந்துவிட்டு மறுபடி சொக்கும்போது வர வேண்டும். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். அப்புறம், ஐந்து மணி நேரம் தூங்குகிறவர் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடக்கக் கூடாது. படுக்கை நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு அருகில் கொண்டுவந்து, தூக்கம் கெட்டிப்பட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தனியாகச் செய்யாமல் பயிற்சி உள்ளவர் வழிகாட்டலில் செய்யுங்கள். பகலில் தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டுவதில் கவனம் வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் மனதுக்கும் இதில் இடம் உண்டு. கவலைகளை மாலையிலேயே உட்கார்ந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாளை செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பக்கத்தில் குறித்து வைப்பதில் தொடங்குவார்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இரவில் திடீரென்று உடம்பு முழுக்கச் சூடு பரவி, வியர்த்து விழிக்கிறீர்களா? உங்கள் வயதில் அது மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறியாக இருக்கலாம். அப்படி என்றால் என் பதில் கொஞ்சம் மாறும். அந்தச் சூட்டலைகளுக்கு ஹிப்னாடிசம் நன்றாகவே உதவுகிறது. 2013-ல் வெளியான எல்கின்ஸ் என்பவரின் ஆய்வில் 187 பெண்கள் கலந்துகொண்டார்கள். வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள், குளிர்ச்சியான இடங்களைக் கற்பனை செய்யும் பயிற்சி. பன்னிரண்டாவது வாரத்தில் சூட்டலைகள் 74 சதவீதம் குறைந்திருந்தன. அதே அளவு நேரம் வெறுமனே பேசிக் கவனித்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு 17 சதவீதம். ஆக, முதலில் ஒரு பொது மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ போய், தைராய்டு, இரத்தசோகை, மாதவிடாய் மாற்றம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, சாப்பிடும் மருந்துகள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். நான்கு சிட்டிங் நடத்தியவர் இதில் ஒன்றையாவது கேட்டாரா?

இப்போது, போக வேண்டாம் என்று ஏன் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நினைவு என்பது எங்கோ பத்திரமாகப் பூட்டி வைத்த பதிவு அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கையில் இருக்கும் துண்டுகளைக் கோத்து மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. இல்லாத இடத்தை ஊகத்தால் நிரப்புகிறது. ஹிப்னாடிச நிலையில் கற்பனை கூர்மையாகிறது, சரிபார்க்கும் பழக்கம் தளர்கிறது. அந்த நேரத்தில் ஒருவரை “ஆறு வயதுக்குப் போங்கள், கதவு திறக்கிறது, யார் வருகிறார்கள்?” என்று கேட்டால் யாராவது வரத்தான் செய்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கேள்விக்கு மனம் ஒரு காட்சியைத் தருகிறது, அந்தக் காட்சி நினைவின் வாசனையோடு வருகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு 1985-ல் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ஹிப்னாடிசத்தில் கிடைக்கும் நினைவுகளில் புனைவுகளும் போலி நினைவுகளும் கலக்கலாம், அவை சாதாரணமாக நினைவுகூர்வதைவிட நம்பகமானவை அல்ல என்றது. விவரங்கள் அதிகம் வரும், ஆனால் சரியானதும் தவறானதும் சேர்ந்தே வரும். கூடவே “இது நிஜம்தான்” என்ற உறுதியும் ஏறும். இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியாது, எவராலும் முடியாது. 1982-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இப்படி ஹிப்னாடிசத்துக்கு உட்பட்ட சாட்சிகளின் வாக்குமூலத்துக்குக் கடும் தடை போட்டது இதனால்தான். இப்படிக் கிடைத்த நினைவுகளை நம்பி அப்பாவையோ மாமாவையோ குற்றவாளியாக்கி உடைந்துபோன குடும்பங்கள் உண்டு. முற்பிறவிக்கு அழைத்துப் போகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் அந்த வாக்கியத்தைச் சொன்ன நாளிலிருந்து நீங்கள் இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தேடினால் ஏதோ ஒரு மங்கிய முகம், ஏதோ ஒரு மூடிய அறை என்று கிடைக்கத் தொடங்கும். தயவுசெய்து தேடுவதை நிறுத்துங்கள். தூக்கம் வரவில்லை என்பது சிறுவயதுக் கொடுமைக்கு அடையாளம் இல்லை. கை எழும்பவில்லை என்பதும் இல்லை. இவற்றை மட்டும் வைத்து அப்படி ஒன்று நடந்தது என்று முடிவு செய்ய அறிவியல் இடம் தருவதில்லை. உங்களுக்கு எப்போதுமே நினைவில் இருக்கிற, வலிக்கிற சம்பவம் ஏதாவது உண்மையிலேயே இருந்தால் அது வேறு விஷயம். அதற்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. கண்ணைத் திறந்துகொண்டு, விழிப்போடு, உங்கள் வேகத்தில் பேசலாம். இல்லாததைத் தோண்டி எடுக்க வேண்டிய அவசியம் எந்தச் சிகிச்சையிலும் இல்லை.

உங்கள் கணவர் சிகரெட்டை விட நினைப்பதே பெரிய விஷயம். அந்த ஆசையை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். புகைப்பதை நிறுத்த ஹிப்னோதெரபி உதவுகிறதா என்பதை 2019-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 14 ஆய்வுகளை வைத்துப் பார்த்தது. ஆலோசனை போன்ற மற்ற வழிகளைவிட இது சிறந்தது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே முடிவு. உறுதியாக உதவுகிறவை வேறு இருக்கின்றன: நிக்கோட்டின் பட்டையும் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்துவது, மருத்துவர் எழுதித் தரும் வரெனிக்லின் மாத்திரை, கூடவே தொடர்ந்து பேசி ஊக்கம் தரும் ஆலோசனை. இவற்றோடு சேர்த்து அவர் ஹிப்னோதெரபியும் எடுக்க விரும்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘ஒரே சிட்டிங்’ என்ற வாக்குறுதியில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஒரு சிகரெட் பற்ற வைத்தால், “எனக்கு அதுவும் பலிக்கவில்லை, இனி நடக்காது” என்று மனிதர் கைவிட்டுவிடுவார். பல முயற்சிகளுக்குப் பிறகுதான் பெரும்பாலானவர்கள் விடுகிறார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். எது உள்ளிருந்து வருகிறது, எது வெளியிலிருந்து வருகிறது என்ற எல்லை கலங்கிப்போவதுதான் அவருடைய நோய். மருந்து அந்த எல்லையை மெல்ல மெல்லத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவரைக் கண்ணை மூட வைத்து, இன்னொருவரின் குரல் தன் அனுபவத்தை மாற்றுகிறது என்று உணர வைப்பது அந்த எல்லையை மறுபடி இடிப்பது போல ஆகலாம். “ஒருவர் என் மூளைக்குள் புகுந்து கட்டளை போடுகிறார்” என்ற எண்ணத்துக்கு நாமே தீனி போட்டதாகிவிடும். மனநல மருத்துவர் பக்கத்திலிருந்து முடிவு செய்யும் அரிதான சூழல்களை விட்டுவிடுங்கள், தனியாக மையம் நடத்துபவரிடம் அவரை அழைத்துப் போகவே கூடாது. அம்மாவிடம் கோபப்பட வேண்டாம். பிள்ளை மருந்து இல்லாமல் நன்றாகிவிட மாட்டானா என்ற ஏக்கம்தான் அவரைப் பேச வைக்கிறது. மருந்தைத் தொடர்ந்தபடியே, கேட்கும் குரல்களோடு எப்படி வாழ்வது என்று கற்றுத் தரும் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, அதைப் பற்றித் தம்பியின் மருத்துவரிடம் கேட்கலாம் என்று சொல்லுங்கள். யாராவது “மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்றால் அந்தப் படியை மறுபடி மிதிக்க வேண்டாம்.

இதே எச்சரிக்கை வேறு சிலருக்கும் பொருந்தும். தீவிர மனச்சோர்வு, உச்சமும் பள்ளமுமாக மாறும் மனநிலை நோய், தான் யார் எங்கே இருக்கிறோம் என்பதே விட்டுப்போகும் அளவு மனம் பிரிந்துபோகும் அனுபவம், காரணம் கண்டுபிடிக்கப்படாத வலிப்பு போன்றவை இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். வலியும் அப்படித்தான். ஏன் வலிக்கிறது என்று தெரியாமல் வலியை மட்டும் மங்க வைப்பது நோயை மறைத்துவிடும். உங்கள் தங்கைக்குப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஹிப்னோதெரபி தொடங்கினார்கள் என்பதைக் கவனித்தீர்களா?

கூட்டத்தில் பேசப் பயம், பல் மருத்துவரிடம் பயம், ஸ்கேன் கருவிக்குள் போகப் பயம் என்று வருபவர்களுக்கு நான் ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்துவதுண்டு, ஆனால் தனியாக அல்ல. பதற்றத்துக்கான ஆய்வுகளைத் தொகுத்தபோதும், மற்ற உளவியல் சிகிச்சைகளோடு சேர்க்கும்போதுதான் இதற்குப் பலன் அதிகம் என்று 2019-ல் தெரிந்தது. ஹிப்னாடிசம் ஒரு கருவி. அதைப் பிடிப்பவருக்கு உங்கள் நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தூக்கமின்மைக்கு ஹிப்னாடிசம் இல்லாமல் சிகிச்சை தரத் தெரியாதவர், ஹிப்னாடிசத்தோடும் தரக் கூடாது. ஒருவரைத் தேடும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: அவர் மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா, பல் மருத்துவரா, அடிப்படைத் தகுதி என்ன? வார இறுதிப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். எத்தனை அமர்வுக்குள் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நல்லவர் “நாலைந்து முறை பார்த்துவிட்டு வேறு வழி யோசிப்போம்” என்பார். நூறு சதவீதம் உத்தரவாதம் தருகிறவரிடம் போகாதீர்கள்.

இப்போது போய்க்கொண்டிருப்பவரிடம் வாதம் செய்யத் தேவையில்லை. “எனக்கு இது பொருந்தவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். “நிறுத்தினால் ஆபத்து, பாதியில் விட்டால் மனம் கலைந்துவிடும்” என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். நான்கு முறை கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்ததால் எதுவும் கலையாது. உங்கள் தங்கைக்குச் சிகிச்சை தந்த உளவியலாளரிடம், சி.பி.டி.-ஐ செய்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். நாளையிலிருந்து ஒரு நோட்டில் படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், விழித்த நேரம் மூன்றையும் காலையில் குறித்து வையுங்கள். இரண்டு வாரக் குறிப்போடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்காமல் விட மனமில்லை. தூக்கமில்லாத இரவுகளில் வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் நோட்டு, இரண்டு வாரம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கணவரிடம் சொல்லி இன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.